எலிமினேஷன் டயட்டின் முதல் இரண்டு வாரம்: வயிறு ஏன் முரண்டு பிடிக்கிறது, என்ன செய்யலாம்

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேக உணவுகளைச் சில வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் எலிமினேஷன் டயட். பால், கோதுமை, முட்டை, சோயா எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. இனி வயிறு லேசாகும் என்று காத்திருந்தால், மூன்றாம் நாள் மாலை மத்தளம் போல் உப்பி நிற்கிறது. சிலருக்கு நான்கு நாளாக மலமே சரியாகப் போவதில்லை. வேறு சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த நிலையில் பலரும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்வோம்" என்பது ஒன்று. "மிச்சம் இருப்பதிலும் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் நிறுத்துவோம்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. உணவை மாற்றியதால் குடல் வழியாக நச்சு வெளியேறி அதனால் வயிறு உப்புகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டாவது முடிவு இன்னும் கெடுதலானது. பட்டியல் வாரா வாரம் சுருங்கி, நாலைந்து உணவில் வந்து நிற்கும். உடல் இளைக்கும், பயம் வளரும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

தொடக்கத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் தட்டுக்குப் புதிதாக வந்த ஏதோ ஒன்று. இல்லாவிட்டால், விலக்கிய உணவோடு சேர்ந்து போய்விட்ட நார்ச்சத்து அல்லது காபி. ஆகவே இன்னொன்றை நிறுத்தும் முன் புதிதாக என்ன வந்தது என்று பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் சொல்லித் தருகிறது.

தொடங்கும் முன் முடிக்க வேண்டியவை

சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்தும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனையில் நோய் சரியாகத் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரக்கூடும். பிறகு பரிசோதனைக்காகவே குறைந்தது 6 வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை, குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட வேண்டிவரும். அதனால் அவதிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

ஏதாவது உணவு சாப்பிட்டு முகம் வீங்கியது, மூச்சுத் திணறியது, மயக்கம் வந்தது என்ற வரலாறு உள்ளவர்கள் இந்த முறையை வீட்டில் முயலக் கூடாது. விலக்கிய உணவைத் திரும்பச் சேர்க்கும்போது விளைவு கடுமையாக இருக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், உணவுக் கோளாறு எனப்படும் மனநலச் சிக்கல் இருந்தவர்கள், எடை குறைவானவர்கள் ஆகியோர் மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே தொடங்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும்.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி விற்கப்படும் ஐஜிஜி (ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையை நம்பி விலக்குப் பட்டியல் போடாதீர்கள். அந்தப் பரிசோதனை காட்டுவது நீங்கள் எதை அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

படி 1: எதையும் மாற்றாமல் ஒரு வாரக் குறிப்பு

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். டயட் தொடங்கும் முன் 7 நாள், வழக்கமான சாப்பாட்டையே சாப்பிட்டபடி, ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எவ்வளவு; உப்புசம், வலி, வாயு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்; தூக்கம்; காபி, தேநீர் எத்தனை கோப்பை; பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்கலாம், அந்த நாள்களில் குடல் தானாகவே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மலத்தைக் குறிக்கப் பிரிஸ்டல் அளவுகோல் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997-ல் வெளியான இந்த அளவுகோலில் 7 வகைகள் உண்டு. 1-ம் வகை தனித்தனி உருண்டையாக, கல் போல இருக்கும். 3, 4 வகைகள் இயல்பானவை. 7-ம் வகை வெறும் தண்ணீர். "வயிறு சரியில்லை" என்று எழுதுவதைவிட "வகை 1, முக்க வேண்டியிருந்தது" என்று எழுதினால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

இந்த ஒரு வாரம் இல்லாவிட்டால், டயட்டின் 5-ம் நாள் வரும் உப்புசம் புதியதா, முன்பே இருந்ததா என்று உங்களால் சொல்லவே முடியாது.

படி 2: காபியைத் தனியாகக் கையாளுங்கள்

பல விலக்குப் பட்டியல்களில் காபியும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், காபி இல்லாத தலைவலியையும் சோர்வையும் குமட்டலையும் உணவின் தலையில் கட்டிவிடுவோம். அந்தத் தலைவலி கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், 9 நாள்வரை நீடிக்கக்கூடும். காபி பெருங்குடலைத் தூண்டும் பானம் என்பதால், அது நின்றதும் சிலருக்குக் காலை மலமும் நின்றுவிடும்.

ஆகவே ஒரு வாரக் குறிப்பு முடிந்தபின், டயட்டுக்கு முந்தைய 8 முதல் 10 நாளில், 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை கால்பங்கு வீதம் குறைத்து வாருங்கள். 4 கோப்பை குடிப்பவர் 3, 2, 1 என இறங்கினால் போதும்.

படி 3: ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு மாற்று

தொல்லைகளில் பெரும்பாதி இந்தப் படியில்தான் பிறக்கிறது. தடுப்பதும் இங்கேதான் எளிது.

எதை நிறுத்தப்போகிறோம் என்பதைப் பெரும்பாலோர் அழகாக எழுதி வைக்கிறார்கள். அந்த இடத்தை எது நிரப்பும் என்று எழுதுவதில்லை. முழுக்கோதுமை ரொட்டி 4 துண்டு சாப்பிட்டவருக்கு அதிலிருந்து சுமார் 8 கிராம் நார்ச்சத்து கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வெள்ளை அரிசிச் சோறு வந்தால், ஒரு கப்பில் 1 கிராம்கூடத் தேறாது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தினம் குறைந்தது 25 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் காணாமல்போனால் மலச்சிக்கல் வருவதில் வியப்பில்லை.

எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கிறது. "இனி ஆரோக்கியமாகச் சாப்பிடுவோம்" என்று ஒரே நாளில் பச்சைக் காய்கறி, பருப்பு, விதை, கொட்டை என்று குவித்தால் நார்ச்சத்து இரு மடங்காகிவிடும். சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் ஆகிய வாயுக்களை உண்டாக்கும். உணவு மாறிய சில நாள்களிலேயே பாக்டீரியாக்களின் விகிதமும் மாறத் தொடங்கும். குடல் அதற்குப் பழகச் சில வாரம் ஆகலாம்.

ஆகவே ஏறினாலும் இறங்கினாலும் வாரத்துக்கு 5 கிராமுக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குக்குச் சில அளவுகள்: சமைத்த ஓட்ஸ் 1 கப்பில் 4 கிராம்; நடுத்தர வாழைப்பழத்தில் 3 கிராம்; கேரட் ஒன்றில் 1.5 முதல் 2 கிராம்; சமைத்த பழுப்பரிசி 1 கப்பில் 3 முதல் 3.5 கிராம்; சியா விதை 1 மேசைக்கரண்டியில் 4 கிராம்; சமைத்த கொண்டைக்கடலை அரை கப்பில் 6 கிராம். ஓட்ஸ் குளூட்டன் இல்லாத தானியம்தான். ஆனால் ஆலையில் கோதுமை கலந்துவிடக்கூடும் என்பதால் குளூட்டனை விலக்குபவர்கள் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பொட்டலத்தையே வாங்க வேண்டும்.

படி 4: மாற்றுப் பொருள்களின் பொட்டலத்தைப் படியுங்கள்

பால் இல்லாத பால், குளூட்டன் இல்லாத ரொட்டி, சர்க்கரை இல்லாத இனிப்பு, புரத பார். விலக்கு உணவுக்காரர்கள் நம்பி வாங்கும் இந்தப் பொருள்களே பலருடைய வயிற்றைக் கெடுக்கின்றன. உட்பொருள் பட்டியலில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்.

இன்யூலின், அல்லது சிக்கரி வேர் நார். நார்ச்சத்தைக் கூட்டிக் காட்டுவதற்காகச் சேர்ப்பது. பாக்டீரியாக்கள் இதை மிக வேகமாகப் புளிக்கவைக்கும். ஒரு பாரிலேயே 5 கிராமுக்கு மேல் இருப்பதுண்டு. உணர்வு கூடிய குடல் உள்ளவருக்கு மாலை முழுக்க உப்புசம் வர அது போதும்.

சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால், மால்டிட்டால். சர்க்கரை ஆல்கஹால் எனப்படும், முழுமையாக உறிஞ்சப்படாத இனிப்பூட்டிகள். குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். சார்பிட்டால் 10 கிராம் போனாலே பலருக்கு வாயுவும் உப்புசமும் வரும், 20 கிராம் போனால் பேதியாகும். சர்க்கரையில்லாத சூயிங்கம் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். காபியை விட்டவர்கள் நாள் முழுக்கச் சூயிங்கம் மெல்லத் தொடங்குவது சாதாரணம். கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். மெல்லும்போது விழுங்கும் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

குளூட்டன் இல்லாத மாவுக் கலவைகளில் சேரும் குவார் பசை, சாந்தன் பசை போன்றவையும் அளவு மிஞ்சினால் சிலருக்கு வாயுவைக் கூட்டும். கோதுமையும் பாலும் இல்லை என்பதற்காகக் கொட்டைகளை வாரி வாரிச் சாப்பிடுவதும் இதே வகை. பாதாம் 30 கிராமில் சுமார் 14 கிராம் கொழுப்பு இருக்கிறது. முந்திரியிலும் பிஸ்தாவிலும் புளிக்கும் சர்க்கரைகள் அதிகம்.

முதல் 2 வாரம், முடிந்தவரை பொட்டலம் இல்லாத உணவாக, ஏற்கெனவே உங்கள் வயிற்றுக்குப் பழகிய உணவாகவே சாப்பிடுங்கள். சோறு, உருளைக்கிழங்கு, கேரட், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் இறைச்சி அல்லது மீன், நன்கு வெந்த காய்கறி. சலிப்புத் தட்டும்தான். ஆனால் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்தச் சலிப்பே உதவும். புதிய உணவைச் சேர்ப்பதானால் 2 நாளுக்கு ஒன்று.

படி 5: தொல்லை வந்தால், அறிகுறிப்படி

*மலச்சிக்கல்.* முதலில் தண்ணீரைப் பாருங்கள். பால், காபி, சூப் போன்றவை நின்றதும் நாளின் மொத்தத் திரவம் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருக்கலாம். தாகத்துக்கு ஏற்பவும், சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்கும் குடியுங்கள், பெரும்பாலோருக்கு 1.5 முதல் 2 லிட்டர் ஆகும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான்.

பிறகு நார்ச்சத்து. இசப்கோல் (ஒருவகை விதையின் உமி) 1 தேக்கரண்டியை 250 மில்லி தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். நிற்கவிட்டால் கூழாகிவிடும்; தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். இது மெதுவாகப் புளிப்பதால் மற்ற நார்களைவிட வாயு குறைவு. 3 நாள் கழித்துத் தேவையானால் இரண்டாவது கரண்டி. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தினம் 2 கிவி பழம் பலருக்கு உதவுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

காலை உணவுக்குப் பின் 15 முதல் 30 நிமிடத்துக்குள், வந்தாலும் வராவிட்டாலும், கழிப்பறையில் போய் உட்காருங்கள். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் தானே அசையும் நேரம் அது. மேற்கத்தியக் கழிப்பறையானால் காலடியில் 15 முதல் 20 செ.மீ. உயரப் பலகை வையுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் முக்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

*உப்புசமும் வாயுவும்.* நேற்றும் அதற்கு முந்தைய நாளும் சாப்பிட்டதைப் புரட்டுங்கள். கடைசி வேளையை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. உணவு வாயிலிருந்து மலமாக வெளியேறப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகிறது. பெருங்குடலில் புளிப்பதால் வரும் தொல்லை சாப்பிட்ட பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மாலை 6 மணி உப்புசத்துக்குக் காரணம் காலை உணவாகவே இருக்கலாம்.

பருப்பு வகைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். வேளைக்குச் சமைத்தது 2 மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். பச்சைக் காய்கறியை 2 வாரம் நிறுத்தி வேகவைத்ததாகச் சாப்பிடுங்கள். சமைத்து ஆறவைத்த சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் செரிக்காத மாவு சற்றுக் கூடுவதால், சிலருக்குப் பழையதைவிடச் சுடச்சுடச் சாப்பிடுவது நல்லது. சாப்பிட்டபின் 10 முதல் 15 நிமிட நடை வாயுவை நகர்த்திவிடும். உடனே படுப்பது நேர்மாறான வேலையைச் செய்யும்.

வெங்காயமும் பூண்டும் தனிக் கதை. அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற, குடலில் புளிக்கும் மாவுப்பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. குழம்பில் போட்டுவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாலும் ஃபிரக்டான் குழம்பிலேயே இருக்கும். வாசனை வேண்டுமானால் எண்ணெயில் வதக்கி, துண்டுகளை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை அன்றே சமையலுக்குப் பயன்படுத்துங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியில் வைத்துச் சேமிக்காதீர்கள், பொட்டுலிசம் என்ற நஞ்சேற்றத்துக்கு இடமுண்டு.

*மலம் இளகிப்போதல்.* சந்தேக வரிசை இது: சர்க்கரை ஆல்கஹால், கூடிய கொழுப்பு (தேங்காய், கொட்டை, எண்ணெய்), பழச்சாறு, மக்னீசியம் மாத்திரை. ஒவ்வொன்றாக 3 நாள் நிறுத்திப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால், கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தைக் கரைத்துக் குடியுங்கள். அது இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை தலைதட்டி அளந்த 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டி அளந்த அரைத் தேக்கரண்டி. உப்பு கூடிவிடக் கூடாது.

*நெஞ்செரிச்சல்.* இரவு உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் விடுங்கள். வயிற்றுவலிக்கு மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெய் மாத்திரை சிலருக்குக் கேட்கும், ஆனால் நெஞ்செரிச்சலை அதிகமாக்கும்.

படி 6: பழகும் தொல்லையா, ஒவ்வாத உணவா?

புதிய உணவுக்குக் குடல் பழகும்போது வரும் தொல்லை பெரும்பாலும் முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, 2-ம் வாரத்தில் இறங்கத் தொடங்கும். நோட்டில் மதிப்பெண் 7, 6, 6, 4 என்று போகும். இறங்காமல் 2 வாரமாக அதே இடத்தில் நின்றால், புதிதாக வந்த உணவுகளைப் பட்டியலிட்டு, அதிகமாகச் சாப்பிடும் ஒன்றை மட்டும் 3 நாள் எடுத்துவிடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். மதிப்பெண் பாதியானால், அதே உணவைப் பழைய அளவில் திரும்பக் கொடுங்கள். மறுபடி ஏறினால்தான் அது குற்றவாளி. ஒருமுறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம், ஏனெனில் 'இது என்னைப் படுத்தும்' என்ற எதிர்பார்ப்பே அறிகுறியை வரவழைக்கும் என்பது எந்த உணவு என்று சொல்லாமல் மறைத்துக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

படி 7: 6 வாரத்துக்கு மேல் நீட்டாமல் திரும்பச் சேர்த்தல்

விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, குடலில் எளிதில் புளிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் லோ ஃபாட்மேப் முறையிலும் இதே கால அளவுதான். அந்த முறையைப் பின்பற்றும்போது குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோபாக்டீரியாக்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 6 வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் காரணம் அந்த உணவுகளில் இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி மருத்துவரிடம் போங்கள்.

தொடர்ந்து 5 நாள் வயிறு அமைதியாக இருந்தபின் ஒரு உணவை மட்டும் எடுங்கள். பாலானால் முதல் நாள் 60 மில்லி, இரண்டாம் நாள் 125, மூன்றாம் நாள் 250. முட்டையானால் நன்கு வெந்தது பாதி, ஒன்று, இரண்டு. கோதுமை ரொட்டி அரைத் துண்டு, ஒன்று, இரண்டு. அறிகுறி வந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு 3 நாள் ஓய்வு, அதன்பின் அடுத்த உணவு. தேறிய உணவையும் எல்லாச் சோதனையும் முடியும்வரை சேர்க்காமல் இருப்பதே குழப்பமில்லாத வழி.

பாலில் ஒரு சூட்சுமம் உண்டு. தினம் பால் குடிப்பவரின் பெருங்குடல் பாக்டீரியாக்கள் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைக்குப் பழகியிருக்கும். பல வாரம் நிறுத்தியபின் அந்தப் பழக்கம் தளர்ந்துவிடும். முதல் நாளே ஒரு பெரிய டம்ளர் குடித்தால், முன்பு தாங்கிய அளவே இப்போது வயிற்றைக் கலக்கும். பால் சேரவே சேராது என்ற தவறான தீர்ப்பும் வரும். 60 மில்லியில் தொடங்கச் சொல்வது அதனால்தான். லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் தயிரையும் முதிர்ந்த பாலாடைக்கட்டியையும் தாங்குவார்கள். அவற்றைத் தனியாகச் சோதியுங்கள்.

உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, நிற்காத வாந்தி, விழுங்கும்போது அடைப்பு, முயலாமலே இறங்கும் எடை. வயிறு கல் போல் இறுகி, வாயுவும் மலமும் இரண்டுமே வெளியேறாமல் நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனை. 50 வயதுக்குப் பின் முதன்முறையாக மலப் பழக்கம் மாறினாலோ, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்தாலோ, டயட்டை முதல் வைத்தியமாகத் தேர்ந்தெடுக்காமல் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.